வலப்பக்கம், இடப்பக்கம், நேர், சிரிப்பு

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை யாருடைய துயரத்திலிருந்தும் பிறக்கவில்லை. என் தற்பெருமையிலிருந்து பிறந்தது.

புதிய புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் வேண்டுமென்று பதிப்பாளர் கேட்டார். பழைய படத்தையே போடுங்களேன் என்றேன். "அதுல உங்களுக்கு முடி இருக்கு சார். நேர்ல பார்க்கறவங்க வேற ஆளுன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடறாங்க" என்றார். மறுநாள் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மிஸ்ஸிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். (ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது தனிக் கதை. அதை நான் எழுதுவதாக இல்லை, மானம் போகும்.) "எங்கம்மா போட்டோ ஸ்டூடியோதான் சார் வெச்சிருக்காங்க. போய் உக்காருங்க, ஆளையே மாத்திடுவாங்க" என்றார் மிஸ்.

மாற்றித்தான் விட்டார்கள். என் இரட்டை மோவாய் ஒற்றையாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளைக் காணோம். என்னைவிட வசதியான, நேரத்துக்குத் தூங்கி எழுகிற என் தம்பி ஒருவன் அந்தப் படத்திலிருந்து சிரித்தான். எனக்குத் தம்பி கிடையாது. படம் மிகவும் பிடித்துவிட்டது. இன்னும் மூன்று பிரதி போடச் சொல்லிவிட்டுக் கடையிலேயே நின்றுகொண்டிருந்தபோதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மிஸ் உள்ளே வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. முகத்தில் நான் தப்பான கியர் போடும்போது வருகிற கோபத்தைப் போலப் பத்து மடங்கு.

அதற்குப் பிறகு நடந்தது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நடந்தது. நாகரிகம் தெரிந்தவன் வெளியே போயிருப்பான். நான் மூன்று பிரதி பாக்கி இருக்கிறதே என்று நின்றேன்.

ஒரு எச்சரிக்கை. இனி கதைக்குள் மிஸ்ஸை 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் அப்படிச் சொன்னால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து என் மூக்கை ஸ்டீயரிங்கில் மோதவைத்துவிடுவார்.

2

முதல் வரிகள் நிறைய எழுதிப் பார்த்தேன். குப்பையில் போட மனசில்லாமல் இங்கேயே வைக்கிறேன்.

'அவளுடைய கீழ்த்தாடை ஏழு மில்லிமீட்டர் பின்னால் போவதற்கு இன்னும் இருபது நாள் இருந்தது.' கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

'கண்ணாடியின் முன் நின்று அவள் தன்' — யாராவது கண்ணாடி முன்னால் நின்று ஆரம்பிக்கிற கதையை நான் இதுவரை படித்து முடித்ததில்லை. மற்றவர்களுக்கு மட்டும் அந்தத் தண்டனையை ஏன் கொடுக்க வேண்டும்?

'அவளுக்கு ஆப்பிள் என்றால் கத்தி வேண்டும்.' இது நடக்கும் போலிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அவளுக்கு ஆப்பிள் என்றால் கத்தி வேண்டும். கடித்துத் தின்ன வராது. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் நின்றது. மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் முப்பத்தொரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. ரொட்டியைக் கையால் பிய்த்துக் கடைவாயில் தள்ளி மெல்வாள். பத்து வாய் மென்றால் காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னாலேயே வலி. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'டிராயர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேஜையில் சாத்த மறந்த டிராயராம். பிள்ளைகளின் கண்ணுக்கு என்னதான் தப்பும்?

அவள் தாடை டாக்டரிடம் போனது அழகுக்காக இல்லை, வலி தாங்காமல். டாக்டர் கையில் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றை வைத்துக்கொண்டு சொன்னார். "முதல்ல ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கம்பி. அதுல இப்ப இருக்கறதைவிடக் கொஞ்சம் மோசமாத்தான் ஆகும். பயப்படாதீங்க. உங்க பல்லெல்லாம் இத்தனை நாளா சாய்ஞ்சு சாய்ஞ்சு தாடையோட குறையைச் சமாளிச்சிட்டிருக்கு. அதுகளை நிமிர்த்தி நிக்க வெச்சாத்தான் தாடை உண்மையில எவ்வளவு தள்ளியிருக்குன்னு தெரியும். அப்புறம் ஆபரேஷன்."

அப்படியே ஆனது. ஒன்றரை வருஷம் கழித்து டிராயர் முன்னைவிட அதிகமாக வெளியே வந்திருந்தது. ரொட்டியும் போய்ச் சோறு குழைந்தால்தான் இறங்கும் என்ற நிலை. இனி பின்வாங்க வழியில்லை. வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கூரையைப் பிரித்தாகிவிட்டது, மழைக்கு முன்னால் ஓடு போட்டே ஆக வேண்டும்.*

* 'ஓடு போட்டே ஆக வேண்டும்' என்பது நான் எழுதியது. அவர் சொன்னது: "பாதில நிறுத்தினா நாறிடும் சார்."

3

ஆபரேஷனுக்குத் தயாராவது என்றால் என்னவோ மனத்தைத் தயார் செய்வது என்று நினைத்திருந்தாள். நர்ஸ் கொடுத்த தாளில் மனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மிக்ஸி, நீள மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டில், தலையை உயர்த்தி வைக்க மூன்று தலையணை, உதட்டுக்குக் களிம்பு, குழந்தைகளுக்கான பல் பிரஷ், சின்ன சிலேட்டு. ஆறு வாரம் தாடையை ரப்பர் வளையங்களால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். சாப்பாடு எல்லாம் தண்ணீராக, கன்னத்தோரமாக. பேச்சு சிலேட்டில். மூச்சு மூக்கில். கீழே தனியாகக் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு வரி: உதடும் மோவாயும் மரத்துப்போகலாம், சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு எப்போதுமே. அந்த வரியை நாலு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஒத்திகை ஆரம்பித்தது. ஒரு வாரம் வீட்டில் கண்ணில் பட்டதெல்லாம் மிக்ஸிக்குள் போய்விட்டு வந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"பல்லு முளைக்காதப்ப உனக்கு இப்படித்தான் கரைச்சு ஊட்டினேன். முப்பத்திரண்டும் முளைச்சப்புறம் எதுக்குடி இது?"

"முப்பத்திரண்டு இல்ல, இருபத்தெட்டு. ஞானப்பல்லு நாலையும் போன வருஷமே பிடுங்கியாச்சு."

"அதான் புத்தி இப்படிப் போகுது. உன் முகத்துக்கு என்ன குறைச்சல்? எனக்கு ஒரு குறையும் தெரியல."

இந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் ஒவ்வொரு தடவையும் சிடுசிடுப்பாள். ஆனால் உள்ளுக்குள் அது அவளுக்கு வேண்டியிருந்தது. புதிதாகச் சந்திக்கிற எவர் கண்ணும் முதலில் அவள் மோவாயில் இறங்கி, பிறகுதான் மேலே ஏறி வரும். அம்மாவின் கண் மட்டும் அப்படி இறங்கியதே இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தன் முகம் முகமாகவே தெரிகிறது என்ற நம்பிக்கையில்தான் அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள். கத்திக்குப் போகிற தைரியமே அதிலிருந்து வந்ததுதான்.

ஒத்திகையின் ஒரு பகுதியாக ஒருநாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வகுப்பெடுத்தாள். அன்றைக்கு மாட்டியவன் நான். டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் வேகத்தைக் குறை, இரண்டு தட்டினால் நிறுத்து, மூன்று என்றால் சிலேட்டைப் பார். சந்தைத் தெருவில் மூன்று தட்டினாள். நான் சிலேட்டைப் பார்த்தேன். அதில் 'ரோட்டைப் பாருங்க' என்று எழுதியிருந்தது. அடுத்த வினாடி அவள் பிரேக்கை மிதித்தாள், ஒத்திகையையும் கைவிட்டாள். கைவிட்டு அவள் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது.

4

இப்போது அந்தப் பழுப்பு உறைக்கு வருகிறேன்.

இந்த ஆபரேஷன் தேவையா, அல்லது வெறும் ஆசையா என்று ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு ஒன்று முடிவு செய்யும். அவர்கள் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. எக்ஸ்ரே, டாக்டரின் கடிதம், நாலு புகைப்படம்: வலப்பக்கம், இடப்பக்கம், நேர், சிரிப்பு. புகைப்படம் வெளியில் எடுத்து வர வேண்டும். ஸ்டூடியோ வைத்திருக்கிற அம்மாவின் மகள் வேறு எங்கே போவாள்? அம்மா முனகிக்கொண்டே எடுத்தாள், பிரதி போட்டாள், ஒட்டினாள், கொடுத்தாள். மகள் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். துணிக்கடைக்காரர் மகள் துணியைக் கிழித்துப் பார்த்தா வாங்குவாள்?

புதன்கிழமை காலை உறை திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'எக்ஸ்ரேயும் படங்களும் ஒரே நபருடையதாகத் தெரியவில்லை. வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் சரியானதைத் தரவும்.'

பிரித்தாள். படத்தில் அவள்தான் இருந்தாள், ஆனால் டிராயர் சாத்தியிருந்தது.

நேரே தாடை டாக்டரிடம் ஓடினாள். அவர் பக்கவாட்டுப் படத்தைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். திரையில் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் எப்படி இருப்பாள் என்று கணக்குப் போட்டு வரைந்த கோடு இருந்தது. அளவுகோலை எடுத்தார். வைத்தார். மறுபடி வைத்தார்.

"யார் பண்ணினது இது?"

"எங்கம்மா. ஸ்டூடியோ வெச்சிருக்காங்க."

"நானும் இன்னொரு டாக்டரும் ரெண்டு நாள் உக்காந்து போட்ட கணக்கு இது. ஏழு மில்லிமீட்டர். உங்கம்மா ஆறரை தள்ளியிருக்காங்க." டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பேசாம அவங்களை இங்க வேலைக்கு வெச்சுக்கலாம் போலிருக்கே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமையை விட்டால் அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து என்று டாக்டர் சொன்னதுகூடக் காதில் பாதிதான் விழுந்தது. ஒரு குறையும் தெரியவில்லை என்று சொன்ன கண், அரை மில்லிமீட்டருக்குமேல் பிசகாமல் அளந்து வைத்திருக்கிறது.

(இந்த இடத்தில் எனக்கு அம்மாமேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆபரேஷன் பிடிக்காதவர். ஆபரேஷனைக் கெடுக்கக்கூடிய படம் அவர் கையிலேயே தயாராகிறது. வேண்டுமென்றே செய்தாரா? அப்படி எழுதினால் கதைக்கு ஒரு வில்லி கிடைப்பார், விறுவிறுப்பாகவும் இருக்கும். ஆனால் என் இரட்டை மோவாயையும்தானே எடுத்தார்? என்னை எந்த ஆபரேஷனிலிருந்து காப்பாற்ற நினைத்தார்? ஆகவே வில்லி திட்டத்தைக் கைவிட்டேன். இரண்டாவது தடவை எழுதியபோது ஓர் அப்பாவைக்கூடக் கொண்டுவந்தேன். மூன்று பக்கமும் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். அனுப்பிவிட்டேன்.)

5

ஸ்டூடியோவில் நடந்தது இதுதான். நான் கௌண்டர் ஓரமாக, என் தம்பியின் படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"என்ன பண்ணினேன்? எல்லாருக்கும் பண்றதுதான். லேசா டச்சப்."

"எல்லாருக்கும் பருவை எடுப்ப, வழுக்கையை மறைப்ப. எனக்கு எலும்பையே எடுத்திருக்க."

"கை தன்னால போயிடுச்சுடி. நான் என்ன பண்ணட்டும்? உக்காந்தா கை போகுது."

அவள் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க அவள் படம்தான். மாதிரிக்கு வைக்க வேறு பிள்ளை இல்லையே. தினம் பார்த்த சுவரை அன்றைக்குத்தான் முதல்முறையாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கல்லூரி அடையாள அட்டைப் படம். மாலையும் கோப்பையுமாக நின்ற படம். டிரைவிங் டீச்சர் உரிமம் வாங்கியபோது எடுத்தது. எல்லாவற்றிலும் டிராயர் சாத்தியிருந்தது. ஆறாம் வகுப்புப் படத்தில் மட்டும் தாடை தாடையாக இருந்தது. ஏழாம் வகுப்பு குரூப் போட்டோவில், நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், அது உள்ளே போயிருந்தது.

"பன்னெண்டு வயசுலயே எனக்கு ஆபரேஷன் பண்ணிட்டியேம்மா" என்றாள். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

அம்மா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அந்த வருஷம் நீ டிராயர்னு கூப்பிடறாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தே. பள்ளிக்கூடத்து ஆர்டர் எனக்குத்தான் வந்துச்சு. அந்தப் படம் நாப்பத்திரண்டு வீட்டுக்குப் போகும். நாப்பத்திரண்டு வீட்டு ஹால்ல மாட்டுவாங்க. ஒரு வீட்டுலயும் உன்னைப் பார்த்து யாரும் சிரிச்சுடக் கூடாதுன்னு நினைச்சேன். அப்புறம் நிறுத்த முடியலடி. ஒரு படத்துல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரின்னா கேப்பாங்களே."

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. சனிக்கிழமை வகுப்புக்குக் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துப்போனேன். இன்ஜினை அணைத்துவிட்டு மிஸ் படித்தார். அந்தப் பத்தி வந்ததும் நிறுத்தினார்.

"எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க சார்."

"தெரியும்" என்றேன்.

"அன்னிக்கு அவங்க சொன்னது 'டீ ஆறுது'. நீங்கதான் அங்க நின்னீங்களே."

நின்றேன். அம்மா சொன்னது அவ்வளவுதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்ததுகூட உண்மையில்லை, அதை வைத்து என் மூன்றாவது பிரதியின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரம்மா வாயில் ஒரு வரி விளக்கம் இல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தேன், கை போய்விட்டது.

மிஸ் அந்தப் பத்தியை மறுபடி படித்தார். பிறகு சொன்னார்: "ஆனா அந்த குரூப் போட்டோ நாப்பத்திரண்டு வீட்டுக்கும் போச்சுங்கறது நிஜம்தான் சார். அதை நான் யோசிச்சே பார்க்கல."

அந்தப் பத்தியை அடிக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், ஆனால் பொய் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.

6

இனியும் ஒன்றை மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

அந்தச் சண்டையிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டேன். அது டீ ஆறுவதற்கும் முன்னால் வந்தது. எடுத்ததற்குக் காரணம், அது வந்தால் கதையின் கலகலப்பு போய்விடும் என்ற பயம். பின்னட்டையில் சிரிக்கிறவன் உள்ளே அழுதால் நன்றாகவா இருக்கும்?

இன்னொன்றும் செய்திருக்கிறேன். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எழுதினேன், நெற்றியை எழுதினேன், கையை எழுதினேன். மூக்குக்குக் கீழே இறங்கவே இல்லை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். டச்சப்பின் வெற்றியே அதுதானே.

அம்மாவுக்கும் அதே தாடை. அச்சு அசல். கதவைத் திறந்து நுழைகிற யாரும் கேட்காமலே இவர் மகள் அவர் என்று சொல்லிவிடுவார்கள். மகள் "எலும்பையே எடுத்திருக்க" என்று கத்தியபோது, அம்மா தன் மோவாயைக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் தூக்கிட்டுத் திரியறேனே, இது என்னடி?"

மகள் சுவர்ப்பக்கம் திரும்பியது அதைக் கேட்டுத்தான். 'டீ ஆறுது' என்றதும் உறையைப் பிடுங்கிக்கொண்டு அவள் வெளியே போய்விட்டாள். அன்று முழுக்க வீட்டில் மிக்ஸி மட்டும்தான் பேசியது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேறு வழியில்லாமல் ஸ்டூடியோவுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேறு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாம். போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா விளக்கைப் போட்டாள். பழக்க தோஷத்தில் பக்கத்தில் வந்து, இரண்டு விரலால் மகளின் மோவாயைத் தாழ்த்திக் கொஞ்சமாக ஒருபக்கம் திருப்பினாள். இருபது வருஷமாகத் திருப்புகிற அதே கோணம். பிறகு விரலை எடுத்துக்கொண்டாள்.

"திரும்பு."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். முழுசா."

கேமராவுக்குப் பின்னால் போய் நின்ற அம்மா வெகுநேரம் பட்டனை அமுக்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. திரும்பாத. பல்லைக் கடி."

"கடிச்சாலும் சேராதும்மா."

"சேராட்டா பரவாயில்ல. கடி."

நாலு தடவை வெளிச்சம் அடித்தது. முடிந்ததும் அவள் எழுந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா நாற்காலியில் உட்காரவில்லை.

"நீ போ. பிரிண்ட் போட்டு ஒட்டி எடுத்துட்டு வரேன்."

நின்று பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். அம்மா நின்ற விதத்தில் ஏதோ இருந்தது, கிளம்பிவிட்டாள். காலையில் எழுந்தபோது மேஜைமேல் உறை இருந்தது, வாய் ஒட்டியிருந்தது. அம்மா கடைக்குப் போய்விட்டாள்.

7

முடிவு.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், மடியில் உறை. பிரித்துப் பார்த்தால் அம்மாவை நம்பவில்லை என்று ஆகும். பிரிக்காமல் கொடுத்து, அம்மாவின் கை மறுபடியும் போயிருந்தால் எட்டு மாதம். நிமிர்ந்து நிற்கிற பல்லையும் வெளியே நிற்கிற தாடையையும் வைத்துக்கொண்டு எட்டு மாதம்.

இங்கே மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் பிரிக்கிறாள், டிராயர் சாத்தியிருக்கிறது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறாள். இன்னொன்றில் பிரிக்கிறாள், எல்லாம் சரியாக இருக்கிறது, வெட்கப்படுகிறாள். மூன்றாவதில் பிரிக்கவே இல்லை, கதை பஸ்ஸோடு போய்விடுகிறது, வாசகர்கள் என் வீட்டுக்கு வந்து என்னை அடிக்கிறார்கள்.

நடந்ததை மிஸ் என்னிடம் சனிக்கிழமை சொன்னார். காரை வட்டச் சாலையில் ஓட்டவிட்டுக்கொண்டே சொன்னார். "மூணு தடவை விரலை உள்ள விட்டேன் சார். மூணு தடவையும் எடுத்துட்டேன்."

ஆஸ்பத்திரி கௌண்டரில் வரிசை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது அவள் முறை வந்தது. குமாஸ்தா பெண் உறையைக் கிழித்து, சீட்டுக்கட்டுப் பிரிப்பதுபோலப் படங்களைக் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். வலப்பக்கம். டிராயர் முழுசாகத் திறந்திருந்தது. இடப்பக்கம், அப்படியே. நேர். சிரிப்பு, கம்பியும் இடைவெளியுமாக. கன்னத்தில் அந்த வாரம் வந்த பருகூடப் போகவில்லை. அம்மாவின் கை எங்குமே போகவில்லை. எக்ஸ்ரேயை மேலே தூக்கி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குமாஸ்தா பெண் முத்திரையைக் குத்தினாள். தேதி காப்பாற்றப்பட்டது.

பிறகு உறையைக் கவிழ்த்துத் தட்டினாள். இன்னொரு படம் விழுந்தது.

"நாலுதானே கேட்டோம்? அஞ்சு இருக்கே. இது யாரு?"

வலப்பக்கம். முழுசாகத் திரும்பிய முகம். பின்னால் அதே ஸ்டூடியோ திரை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுருங்கியிருந்தது. கேமராவைத் தானாக அடிக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்திருக்க வேண்டும், முடி ஒருபக்கம் கலைந்திருந்தது. அதையும் சரி செய்யவில்லை. தாடையைச் சரி செய்யவில்லை. தன்னைத் தானே ஒருநாளும் படம் எடுத்துக்கொள்ளாத அம்மா.

"எங்கம்மா" என்றாள் அவள்.

குமாஸ்தா பெண் அந்தப் படத்தையும், வலப்பக்கப் படத்தையும், அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். இன்னும் இருபது நாளில் இந்த இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருப்பது ஒரு முகத்தில் மட்டும்தான் மிச்சமிருக்கும். பிறகு குமாஸ்தா பெண் ஒரு கேள்வி கேட்டாள்.

மிஸ் அந்தக் கேள்வியைச் சொன்னதும் நான் கிளட்சை விட்டுவிட்டேன். கார் குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. மிஸ் என்னைத் திட்டினார், நான் சாவியைத் தேடினேன், வகுப்பு முடிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் சளி பிடித்தால் தேதி போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்ததால் அன்றோடு வகுப்புகளையும் நிறுத்திக்கொண்டார்.

இதை எழுதுகிற இன்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். நன்றாக இருக்கிறார், மூக்கால் மூச்சு விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். வாயைக் கட்டியாகிவிட்டது. குமாஸ்தாவுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அறிந்தவர் இன்னும் ஆறு வாரத்துக்குப் பேச மாட்டார். போய்க் கேட்டால் சிலேட்டில் எழுதித் தருவார், எனக்குத் தெரியும். ஆனால் போக மாட்டேன்.

ஏனென்றால் நானே இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் என் கை போய்விடுகிறது. மகளைக் கொஞ்சம் நல்லவளாக்கிவிடுகிறேன். அம்மாவைக் கொஞ்சம் அழவைத்துவிடுகிறேன். அந்த ஐந்தாவது படத்தில் யார் கையும் படவில்லை. அதன்மேல் முதல் கை என்னுடையதாக இருக்க வேண்டாம்.

ஆகவே நீங்கள் வந்து நில்லுங்கள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. உங்களுக்குப் பின்னால் பதினோரு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உங்கள் அம்மாவின் முகத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்:

"இதையும் ஃபைல்ல சேர்த்துடவா, நீங்க வெச்சுக்கறீங்களா?"

சொல்லுங்கள்.